பித்தளைக் குண்டானும் கல்லான ஈரலும்

சென்ற ஆண்டு இளநிலை முதலாண்டு வகுப்பில் மீட்சியியல் பாடம் நடத்திக் கொண்டிருந்தேன். யங் குணகத்தின் அலகு பாஸ்கல் என்று கரும்பலகையில் எழுதி முடித்ததும், கடைசி வரிசையிலிருந்து ஒரு மாணவர் எழுந்தார். "சார், எங்கப்பாவோட ஈரல் ரிப்போர்ட்லகூட கிலோபாஸ்கல்னு போட்டிருக்கு. ஈரலுக்கு எதுக்கு சார் கிலோபாஸ்கல்?" என்றார். வகுப்பு சிரித்தது. அவர் சிரிக்கவில்லை.

மாலையில் அந்தத் தாள்களைக் கொண்டு வந்தார். அவர் தந்தை எங்கள் திருவண்ணாமலைக்கு அருகே ஒரு கிராமத்தில் பயிர்த் தொழில் செய்பவர். ஹெபடைட்டிஸ் சி என்னும் வைரஸ் பல்லாண்டுகளாக அவர் உடலில் குடியிருந்து, ஈரலைச் சிர்ரோசிஸ் என்ற நிலைக்குக் கொண்டு வந்திருந்தது. பன்னிரண்டு வாரம் மாத்திரை சாப்பிட்டார். வைரஸ் அறவே நீங்கிவிட்டது. மருந்துக்கு முன் எடுத்த தாளில் 18.7 கிலோபாஸ்கல், ஓராண்டுக்குப் பின் எடுத்ததில் 12. "வைரஸ் போயிடுச்சுங்கறாங்க. ஆனா சிர்ரோசிஸ் வந்த ஈரல் வந்ததுதான், திரும்பாதுன்னும் சொல்றாங்க. எது சார் நிஜம்?"

நான் மருத்துவனல்லன். என் கல்லூரி நாட்களில் படித்ததை வைத்து, "வடு வடுதான் தம்பி; அது மாறாது" என்று சொல்லி அனுப்பிவிட்டேன். பிறகு மனம் கேளாமல் நூலகத்திலும் மருத்துவ நண்பர்களிடமும் தேடிப் படித்தபோது, நான் சொன்னது தவறு என்று தெரிந்தது. அது எப்படித் தவறாயிற்று என்பதற்கு ஒரு வரலாறு இருக்கிறது. அதில் ஒரு பகுதி நம் அடுக்களைப் பித்தளைப் பாத்திரங்களைப் பற்றியது. என் வீட்டையும் தொட்டுச் செல்வது. அதைத்தான் இங்கே உங்களுக்குச் சொல்ல முனைகிறேன்.

முதலில் பெயரைப் பார்ப்போம். மருத்துவர் காதில் மாட்டும் இதயத் துடிப்பு மானியை 1816 இல் கண்டுபிடித்த பிரெஞ்சு மருத்துவர் லாயனெக்தான் இந்நோய்க்கும் பெயரிட்டவர். 1819 இல் அவர் வெளியிட்ட நூலில் ஓர் அடிக்குறிப்பாக இப்பெயர் வருகிறது. இறந்தவரின் ஈரலை அறுத்துப் பார்த்தபோது அது சுருங்கி, முண்டும் முடிச்சுமாக, பழுப்பு மஞ்சள் நிறத்தில் இருக்கக் கண்டார். அந்நிறத்தைக் குறிக்கும் 'கிர்ரோஸ்' என்ற கிரேக்கச் சொல்லிலிருந்து 'சிர்ரோசிஸ்' பிறந்தது. ஆக, பெயர் குறிப்பது வெறும் நிறத்தையே. 'திரும்பாதது' என்ற பொருள் அதில் எங்கும் இல்லை. அந்தப் பொருளைப் பின்வந்தவர்கள் ஏற்றிவிட்டார்கள்.

ஏன் ஏற்றினார்கள்? அதற்கு நியாயம் இருந்தது. நூறாண்டுக்கு மேலாக மருத்துவர்கள் சிர்ரோசிஸ் ஈரலைக் கண்டது பெரும்பாலும் பிணப் பரிசோதனையில்தான். நோய் முற்றி இறந்தவரின் ஈரல், முற்றிய ஈரலாகத்தானே இருக்கும்? ஊர் முடிவிடத்தில் நின்றுகொண்டு, வருகிற பேருந்துகள் எல்லாம் இங்கேயே நின்றுவிடுகின்றன என்று முடிவு கட்டுவது போன்றது இது. உயிரோடிருப்பவரின் ஈரலிலிருந்து ஊசியால் சிறு துணுக்கை எடுக்கும் முறை பரவிய பிறகே, குறிப்பாக 1958 இல் மெங்கினி என்ற இத்தாலியர் ஒரே வினாடியில் துணுக்கெடுக்கும் ஊசியை வெளியிட்ட பிறகே, ஒரே மனிதரின் ஈரலை இன்று ஒருமுறை, சில ஆண்டு கழித்து மறுமுறை பார்க்க வழி பிறந்தது.

வியப்பு என்னவென்றால், ஈரல் வளரும் உறுப்பு என்பது முன்பே தெரியும். எலியின் ஈரலில் மூன்றில் இரண்டு பங்கை வெட்டி எடுத்தாலும் ஏறக்குறைய பத்து நாட்களுக்குள் பழைய அளவை எட்டிவிடுகிறது என்று ஹிக்கின்ஸ், ஆண்டர்சன் என்ற இருவர் 1931 இலேயே காட்டினர். ஆனால் வெட்டுப்பட்ட நல்ல ஈரல் வளர்வது வேறு. நாரும் வடுவுமாய் இறுகிய ஈரல் இளகுவது வேறு. முன்னதை எல்லோரும் ஒப்பினர். பின்னதை எவரும் நம்பவில்லை.

இப்போது நம் நாட்டுக்கு வருவோம்.

பழைய தமிழ் வாரப் பத்திரிகைகளைப் புரட்டுகிறவர்கள், குழந்தைகளின் ஈரல் கட்டிக்கு மருந்து என்ற விளம்பரங்களைக் கண்டிருப்பீர்கள். அவை ஏன் அத்தனை இருந்தன? ஆறு மாதத்திற்கு மேல், பெரும்பாலும் ஒன்று முதல் மூன்று வயதுக்குள், நன்றாயிருந்த குழந்தை சிணுங்கத் தொடங்கும், வயிறு உப்பும், தொட்டுப் பார்த்தால் ஈரல் கூர்மையான ஓரத்தோடு கல்லாய்த் தட்டுப்படும். பிறகு காமாலை, மகோதரம். நோய் அறியப்பட்ட சில மாதங்களில், அதிகம் போனால் ஓரிரு ஆண்டுகளில் மரணம். ஒரே வீட்டில் அண்ணனுக்கு வந்தது தம்பிக்கும் வருவதுண்டு. கல்கத்தாவில் சென் என்ற மருத்துவர் 1887 இல் இதை முதன்முதலாக எழுதி வைத்தார். சென்னையில் குழந்தை மருத்துவர்களான எஸ். டி. ஆச்சார், வி. பி. ராஜு ஆகியோர் நோயியல் அறிஞர் ஸ்ரீராமாச்சாரியுடன் சேர்ந்து 1960 இல் இதுபற்றி விரிவாக எழுதினர். 'இந்தியக் குழந்தைச் சிர்ரோசிஸ்' என்றே உலக நூல்களில் இதற்குப் பெயர். நம் நாட்டின் பெயர் தாங்கிய நோய்; பெருமைப்பட ஏதுமில்லை.

காரணம் என்ன என்று தேடியவர்கள் தேடாத மூலை இல்லை. சத்துக் குறைவா, பரம்பரையா, வைரஸா? வேர்க்கடலை மாவில் பூஞ்சை உண்டாக்கும் அஃப்ளாடாக்சின் நஞ்சா என்றும் 1971 இல் மைசூர் ஆய்வாளர்கள் ஐயம் எழுப்பினர். திறவுகோல் ஒரு சாயத்திலிருந்து கிடைத்தது. ஆர்சீன் என்ற சாயம், ஈரலில் செம்போடு சேர்ந்திருக்கும் புரதத்தைப் பழுப்பு நிறத்தில் காட்டிக் கொடுக்கும். இக்குழந்தைகளின் ஈரல் துணுக்குகள் அச்சாயத்தை அள்ளிக் கொள்வதை லண்டனில் போர்ட்மன், டானர் முதலியோர் 1978 இல் கண்டனர். அடுத்த ஆண்டே செம்பின் அளவையும் நிறுத்துப் பார்த்தார்கள். நல்ல ஈரலில், உலர்ந்த எடையில் கிராமுக்கு 50 மைக்ரோகிராம் அளவுக்குள்தான் செம்பு இருக்க வேண்டும். இக்குழந்தைகளிடமோ பெரும்பாலும் 800 க்கு மேல். சிலரிடம் சில ஆயிரம்!

இவ்வளவு செம்பு எங்கிருந்து வந்தது? புனேயில் ஷீலா பாவே, ஆனந்த் பண்டிட் ஆகிய குழந்தை மருத்துவர்கள் டானருடன் கூடி நோயுற்ற வீடுகளின் அடுக்களைக்குள் நுழைந்தனர். தாய்ப்பாலை விரைவில் நிறுத்திவிட்டு, மாட்டுப்பாலைப் பித்தளைப் பாத்திரத்தில் காய்ச்சி, அதிலேயே வைத்திருந்து புகட்டும் வழக்கம் அவ்வீடுகளில் மிகுந்திருந்தது. 1983 இல் இதை 'லான்செட்' இதழில் வெளியிட்டனர்.

தண்ணீரைவிடப் பால் ஏன் கேடு செய்கிறது என்று நீங்கள் கேட்கலாம். பித்தளை என்பது செம்பும் துத்தநாகமும் சேர்ந்த கலப்பு உலோகம், செம்பே பெரும்பங்கு. சுத்தமான நீரில் செம்பு எளிதில் கரையாது. பாலில் உள்ள கேசீன் என்ற புரதமோ, செம்பு அயனிகளைக் காந்தம் போல் பற்றிக்கொள்ளும். பற்றியதை அது விடுவதில்லை. ஆகவே மேலும் செம்பு கரைந்துகொண்டே இருக்கும். வெப்பமும் நேரமும் சேர்ந்தால் கேட்கவே வேண்டாம். புளி பட்ட பித்தளையில் பச்சைக் களிம்பு பூப்பதைக் கண்டு நாம் எச்சரிக்கையாகி விடுகிறோம். பாலில் களிம்பு கண்ணுக்குத் தெரியாது. (ஆணவ மலத்துக்குச் செம்பில் ஏறும் களிம்பை உவமை சொல்வது சைவ சித்தாந்தம். நம் முன்னோர் களிம்பை அறியாதவர்கள் அல்லர்.) போதாக்குறைக்கு, பிறந்த குழந்தையின் ஈரலில் இயல்பாகவே செம்புச் சேமிப்பு அதிகம்; பித்தநீர் வழியே அதை வெளியேற்றும் திறனும் முதல் சில மாதங்களில் முழுமை அடைந்திருக்காது. தாய்ப்பாலில் செம்பு மிகக் குறைவு என்பதை இங்கே சேர்த்துப் பாருங்கள்.

அப்படியானால் பித்தளையில் சமைத்த அத்தனை வீடுகளிலும் குழந்தைகள் மாண்டிருக்க வேண்டுமே? அதற்குத்தான் ஈயம் பூசினார்கள். இளம் வாசகர்கள் இதைப் பார்த்திருக்க மாட்டீர்கள். தெருவோரம் குழி தோண்டி, கரியிட்டு, துருத்தியால் ஊதிக் கனலாக்குவார்கள். அதில் பாத்திரத்தைக் காயவைத்து, உள்ளே நவச்சாரத் தூளைத் தூவிப் பஞ்சால் தேய்ப்பார்கள். குப்பென்று வெண்புகை எழும். நவச்சாரம் சூட்டில் பிரிந்து ஹைட்ரோகுளோரிக் அமிலம் உண்டாக, அது செம்பின் மேலுள்ள ஆக்சைடு படலத்தை அரித்து நீக்கும். உடனே ஈயக் குச்சியை உள்ளே தொட்டால் 232 டிகிரியில் உருகி ஓடும். பஞ்சால் ஒரு சுழற்று, பாத்திரம் வெள்ளி போல மின்னும். இங்கே 'ஈயம்' என்பது வெள்ளீயம், காரீயம் அன்று. காரீயத்தைக் கலந்து பூசினால் செம்பிலிருந்து தப்பி அதைவிடப் பெரிய நஞ்சில் விழுந்தவர்களாவோம்.

பூச்சு தேயும். தேய்ந்தால் மறுபடி பூச வேண்டும். என் ஆயாவிடம் இதைக் கேட்டபோது, "வருஷத்துக்கு ஒரு தடவ, தீபத்துக்கு முன்ன வருவான் ஈயம் பூசறவன். சில வருஷம் வரமாட்டான், வந்தாலும் கையில காசிருக்காது" என்றார். பிறகு நான் கேளாமலே சொன்னார்: "உங்கப்பனுக்கு மூத்தவன் ஒருத்தன் இருந்தான். ஒன்றரை வயசு. வயிறு பானையாட்டம் ஆச்சு. ஈரல் கட்டின்னாங்க." நான் பெரியப்பா என்று அழைத்திருக்க வேண்டியவர். வீட்டில் பசு இருந்தது. பால் காய்ச்சியது பித்தளைக் குண்டானில். அக்குண்டான் இன்றும் பரணில் இருக்கிறது. அதுதான் காரணம் என்று எனக்குச் சொல்லத் தெரியாது. அறுபதாண்டு கடந்த பின் எவராலும் சொல்ல முடியாது. ஆயாவிடம் செம்பு, கேசீன் என்று விளக்கவும் எனக்கு நா எழவில்லை.

செம்புதான் குற்றவாளி என்பதை எல்லா அறிஞரும் ஏற்றதாகவும் எண்ண வேண்டாம். 1979 இல் இக்குழந்தைகளின் ஈரலில் செம்பின் கேட்டைப் பற்றி எழுதியவர்களுள் ஒருவரான நோயியல் அறிஞர் என். சி. நாயக், பிற்காலத்தில் செம்பு மூலகாரணம் என்பது நிறுவப்படவில்லை என்று உறுதியாக வாதிட்டார். எவர்சில்வர் பாத்திரம் வீடுதோறும் புகுந்த காலத்திலேயே நோய் அருகி, 1990களுக்குப் பின் அரிதாகிவிட்டது உண்மை. ஆனால் இரண்டு நிகழ்ச்சிகள் உடன் நிகழ்ந்தால் ஒன்று மற்றொன்றின் காரணம் ஆகிவிடாது என்பதை அறிவியல் மாணவர் மறக்கலாகாது. எனினும் ஆஸ்திரியாவின் டைரோல் மலைப்பகுதியிலிருந்து வந்த ஒரு செய்தி செம்பின் பக்கமே தராசைச் சாய்க்கிறது. 1900 முதல் 1974 வரை அங்கே 138 குழந்தைகள் இதுபோன்ற ஈரல் நோயால் இறந்தனர். அங்கும் ஈயம் பூசாத செப்புப் பாத்திரத்தில் காய்ச்சிய மாட்டுப்பால்தான். பாத்திரங்கள் மாறின, நோயும் மறைந்தது. பரம்பரைக் கூறு ஒன்றும் அங்கே உடனிருந்தது. ஒரே பால் குடித்த எல்லாக் குழந்தைகளும் சாகவில்லை. எனக்கென்னவோ, நம் நாட்டிலும் செம்பும் பிறவிக் கூறும் கைகோத்தன என்பதே பொருத்தமாகப் படுகிறது.

நம் கேள்விக்கு விடை இனிமேல்தான் வருகிறது. உடலில் சேர்ந்த செம்பை வெளியேற்ற ஒரு மருந்து இருந்தது. பெனிசிலமின் என்னும் அதை, செம்பு சேரும் மற்றொரு பரம்பரை நோயான வில்சன் நோய்க்கு 1956 இல் ஜான் வால்ஷ் என்ற ஆங்கிலேயர் புகுத்தியிருந்தார். புனே மருத்துவர்கள் அதை இக்குழந்தைகளுக்குக் கொடுத்தனர். காமாலையும் மகோதரமும் கண்டு முற்றியவர்களைக் காப்பது அரிதாயிருந்தது. முன்னதாகவே வந்தவர்களில் பலர் பிழைத்தனர். பிழைத்தவர்களைப் பல்லாண்டு பின்தொடர்ந்து, மீண்டும் மீண்டும் துணுக்கெடுத்துப் பார்த்து, 1996 இல் முடிவுகளை வெளியிட்டனர். கடும் அழற்சியோடிருந்த ஈரல் முதலில் அமைதியான சிர்ரோசிஸாக அடங்கியது. பிறகு, சில குழந்தைகளில், ஏறக்குறைய இயல்பான ஈரலாகவே மாறியிருந்தது! மருந்தை நிறுத்திய பிறகும் அவர்களுக்கு நோய் திரும்பவில்லை. வில்சன் நோயாளி ஆயுள் முழுதும் மருந்துண்ண வேண்டும். இவர்களுக்கு அது வேண்டியிருக்கவில்லை. வெளியிலிருந்து வந்த செம்பு நின்றது, உள்ளே இருந்தது வெளியேறியது, ஈரல் தன் வேலையைத் தானே பார்த்துக் கொண்டது.

'சிர்ரோசிஸ் திரும்பாது' என்று பாடநூல்கள் எழுதிக்கொண்டிருந்த காலத்திலேயே புனேக் குழந்தைகளின் ஈரல்கள் திரும்பிக் கொண்டிருந்தன.

அது எப்படி நிகழ்கிறது? ஈரலுக்குள் விண்மீன் வடிவில் சில செல்கள் உண்டு. 1876 இல் ஜெர்மானியரான குப்ஃபர் கண்டு சொன்னவை. சாதாரண காலத்தில் இவை சாதுவானவை. நம் உடலின் வைட்டமின் ஏ பெரும்பாலும் இவற்றில்தான் சேமிக்கப்படுகிறது. ஈரலுக்கு இடைவிடாத காயம் ஏற்பட்டால், அது வைரஸாலாகட்டும், மதுவாலாகட்டும், செம்பாலாகட்டும், இவை வைட்டமினைக் கைவிட்டு உருமாறிக் கொலாஜன் என்ற நாரைச் சுரக்கத் தொடங்கும். நார் சேர்ந்தால் வடு, வடு வளைத்துக்கொண்டால் முடிச்சு, அதுவே சிர்ரோசிஸ். ஆனால் நாரைச் செரிக்கும் நொதிகளும் ஈரலிலேயே இருக்கின்றன. காயம் நின்றதும் உருமாறிய செல்கள் மடிகின்றன, அல்லது பழையபடி சாதுவாகின்றன. நொதிகளின் கை ஓங்குகிறது. எலிகளில் இதை ஜான் ஐர்டேல் குழுவினர் 1998 இல் தெளிவாகக் காட்டினர். நாளான தடித்த வடுவில் நார்கள் ஒன்றோடொன்று குறுக்குப் பிணைப்பில் பூட்டிக்கொண்டிருக்கும். அதை நொதிகளால் அவ்வளவு எளிதில் கரைக்க முடியாது. சிலருக்கு ஈரல் இளகுவதும் சிலருக்கு இளகாததும் பெரும்பாலும் இதனால்தான்.

ஹெபடைட்டிஸ் சி கதை இதற்குப் பெரியவர்களிடம் கிடைத்த சான்று. அந்த வைரஸ் 1989 இல்தான் அடையாளம் காணப்பட்டது. அதற்காக ஆல்டர், ஹூட்டன், ரைஸ் மூவரும் 2020 இல் நோபல் பரிசு பெற்றனர். நம் நாட்டில் தானமாக வரும் இரத்தம் முழுவதையும் இதற்காகச் சோதிப்பது 2001 இல் கட்டாயமாயிற்று. அதற்கு முன் இரத்தம் ஏற்றிக்கொண்டவர்கள் ஒருமுறை சோதித்துக் கொள்வது நல்லது. தொடக்கத்தில் மருந்து என்றால் இன்டர்ஃபெரான் ஊசிதான். மாதக்கணக்கில் காய்ச்சலும் சோர்வுமாய்ப் போட்டுக்கொண்டும் பலருக்கு வைரஸ் போகாது. இருந்தாலும் அக்காலத்திலேயே, 2002 இல், பிரெஞ்சு மருத்துவர் பாய்னார்ட் ஒரு கணக்கை வெளியிட்டார். சிகிச்சைக்கு முன் சிர்ரோசிஸ் இருந்த 153 பேரில் 75 பேருக்கு மறு துணுக்கில் அது பின்வாங்கியிருந்தது. ஏறக்குறையப் பாதி!

2013 இறுதியில் சோஃபோஸ்புவிர் என்ற மாத்திரை அமெரிக்காவில் வந்தது. பன்னிரண்டு வாரத்துக்கு 84,000 டாலர், அதாவது நாளொன்றுக்கு ஒரு மாத்திரை, மாத்திரைக்கு ஆயிரம் டாலர். 2014 இல் இந்தியக் கம்பெனிகள் உரிமம் பெற்றுச் செய்யத் தொடங்க, விலை மடமடவென இறங்கிற்று. 2018 ஜூலை 28 இல் தொடங்கிய தேசியத் திட்டத்தின்கீழ் அரசு மருத்துவமனைகள் வழியே இலவசமாகவே தருகிறார்கள். நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பேரளவில் வைரஸ் நீங்குகிறது. என் மாணவரின் தந்தையும் அப்படித்தான் பெற்றார்.

இனி அந்தக் கிலோபாஸ்கல். இது என் பாடம். கொஞ்சம் பொறுத்துக் கேளுங்கள். விலா எலும்புகளின் இடையே ஒரு கருவியை வைத்து மெல்லத் தட்டுகிறார்கள். வினாடிக்கு 50 அதிர்வுள்ள குறுக்கலை ஒன்று ஈரலுக்குள் ஓடுகிறது. அதன் வேகத்தைக் கேளா ஒலி தொடர்ந்து சென்று அளக்கிறது. பாரிசில் லோரான் சான்ட்ரின் குழுவினர் 2003 இல் வெளியிட்ட முறை இது. இழுத்துக் கட்டிய கம்பியில் அலை விரைவதுபோல், இறுகிய ஈரலிலும் விரையும். யங் குணகம் என்பது அடர்த்தியை வேகத்தின் வர்க்கத்தால் பெருக்கி, அதை மும்மடங்காக்கினால் கிடைப்பது. ஈரலின் அடர்த்தி ஏறத்தாழ நீரினுடையதே. வேகம் வினாடிக்கு 1.3 மீட்டர் என்றால் சுமார் 5 கிலோபாஸ்கல், நல்ல ஈரல். 2.5 மீட்டர் என்றால் ஏறத்தாழ 18.7, அதுவே மாணவரின் தந்தைக்கு முதலில் வந்த எண். 2 மீட்டர் என்றால் 12. ஆக, ஓராண்டில் அவர் ஈரலில் அலையின் நடை வினாடிக்கு அரை மீட்டர் தளர்ந்திருக்கிறது.

இதை வைத்துத் துள்ளிக் குதித்துவிடவும் கூடாது. அழற்சியால் வீங்கிய ஈரலும் விறைப்பாகவே அளவு காட்டும். வைரஸ் போனதும் வீக்கம் வடிந்து எண் சட்டென்று குறையும். முதல் ஆண்டின் இறக்கத்தில் ஒரு பகுதி வீக்கம் வடிந்ததே தவிர, வடு கரைந்தது அன்று. வடு கரைய ஆண்டுகள் பலவாகும். இன்னொன்று: வைரஸ் நீங்கிய பின் ஈரல் புற்று வரும் வாய்ப்பு வெகுவாகக் குறைந்தாலும், சிர்ரோசிஸ் வரை சென்றவர்களுக்கு அது அற்றுப் போவதில்லை. எண் எவ்வளவு இறங்கினாலும் ஆறு மாதத்துக்கு ஒருமுறை கேளா ஒலிப் படம் எடுத்துக்கொண்டே இருக்க வேண்டும் என்று மருத்துவர்கள் வற்புறுத்துவது இதனால்தான். "சரியாயிடுச்சு" என்று வீட்டோடு இருந்துவிடுகிறவர்களை நினைத்தே அவர்கள் பயப்படுகிறார்கள்.

மாணவரை மறுவாரம் அழைத்து, முன்பு சொன்னது பிழை என்று ஒப்புக்கொண்டேன். எண்ணின் பொருளையும், அதில் எவ்வளவு நம்பலாம் என்பதையும் கரும்பலகையில் கணக்குப் போட்டே காட்டினேன். "அப்ப கொஞ்சம் திரும்புதுன்னு அப்பாகிட்ட சொல்லலாமா சார்?" என்றார். சொல்லலாம், அடுத்த படம் எடுக்கும் தேதியையும் சேர்த்துச் சொல் என்றேன்.

சென்ற தீபத்தின்போது பாத்திரக் கடைகளைப் பார்த்துக்கொண்டே நடந்தேன். பழைமை திரும்புகிறது என்று பித்தளைக்கும் செம்புக்கும் மறுபடி மவுசு வந்திருக்கிறது. கைக்குழந்தையோடு வந்த ஒரு தம்பதியர் பால் காய்ச்சவென்று பித்தளைக் குண்டான் ஒன்றை விலை பேசிக்கொண்டிருந்தனர். உள்ளே ஈயம் பூசியிருக்கிறதா என்று கடைக்காரரிடம் கேட்டேன். "இல்லீங்க சார், இது ஷோவுக்கு வாங்கறதுதான். ஈயம் பூசறவங்க இப்ப யாரு இருக்காங்க?" என்றார். அந்த இளைஞர் என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் இயற்பியல் ஆசிரியன் என்று சொல்லிக்கொண்டு, கேசீனிலிருந்து பேச்சைத் தொடங்கினேன்.